ஆன்ரி மிஷோவின் மை ஓவியங்களைப் பார்ப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு வெள்ளைத் தாள். அதில் கறுப்பு மையில் சின்னச் சின்ன உருவங்கள், வரிசை வரிசையாக. ஒன்று ஓடுகிற ஆள் மாதிரி இருக்கிறது, பக்கத்தில் உள்ளது பூச்சி மாதிரி, அதற்கடுத்தது எந்த மொழியிலும் இல்லாத எழுத்து மாதிரி. ஆன்ரி மிஷோவின் தாள்களை முதல் தடவை பார்க்கிறவர் "இது என்ன?" என்று கேட்பார். பதில் கிடைக்காது, அடுத்த படத்துக்குப் போய்விடுவார். "இந்தக் கோட்டைப் போடும்போது கை எவ்வளவு வேகத்தில் போயிருக்கும்?" என்று கேட்டால் மட்டும் அந்தத் தாள் பேச ஆரம்பிக்கும். இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் நகர்கிறது.

மிஷோ 1899-இல் பெல்ஜியத்தின் நமூர் நகரில் பிறந்தவர், 1984-இல் பாரிஸில் இறந்தவர். பிரெஞ்சு படிக்கிறவர்களுக்கு அவர் முதலில் கவிஞர். ஓவியர் என்ற அளவில் அவருடைய பெயர் பிக்காசோ போலவோ, வண்ணத்தைச் சொட்டவிட்டு வரைந்த அமெரிக்கர் ஜாக்சன் பொல்லாக் போலவோ பரவவில்லை. ஆனால் ஓவியர்களுக்கு அவரைத் தெரியும். கட்டற்ற தடங்களைப் போடுவதில் மிஷோ பொல்லாக்கைவிட மேல் என்று 1960-களில் ஒரு பேட்டியில் பிரிட்டிஷ் ஓவியர் ஃபிரான்சிஸ் பேக்கன் சொன்னார். பேக்கன் யாரையும் லேசில் பாராட்டுகிறவர் அல்ல.

தொடங்கும் முன்

நல்ல படங்கள் வேண்டும். நியூயார்க்கின் மோமா, லண்டனின் டேட், பாரிஸின் பொம்பிடூ மையம் ஆகிய மூன்று அருங்காட்சியகங்களிலும் மிஷோவின் படைப்புகள் இருக்கின்றன, அவற்றின் இணையத் தொகுப்புகளில் தேடலாம். தேடுபொறி காட்டும் சிறு படங்களை நம்ப வேண்டாம். அவற்றில் பெரும்பாலும் யாராவது கறுப்பை ஏற்றி வெள்ளையை வெளுத்திருப்பார்கள், நடுவில் இருக்கும் சாம்பல் நிறம் காணாமல் போயிருக்கும். மிஷோவிடம் அந்தச் சாம்பல் நிறத்தில்தான் பாதி விஷயம் இருக்கிறது.

படத்தின் கீழே இருக்கும் குறிப்பை முதலில் படியுங்கள். பெரும்பாலும் "தலைப்பிடப்படாதது" என்றிருக்கும். அதில் ஏமாற ஒன்றுமில்லை, அவர் பெரும்பாலான தாள்களுக்குப் பெயர் வைக்கவில்லை. ஊடகம் "சைனா மை, தாள்" என்றிருந்தால், அது நாம் இந்தியன் இங்க் என்று வாங்கும் அதே வகைக் கரி மை. அளவில் உயரம் முதலில் வரும், அகலம் பிறகு. இந்த அளவைக் கட்டாயம் பாருங்கள். உள்ளங்கை அசைந்து போட்ட தாளும், தோளே அசைந்து போட்ட தாளும் திரையில் ஒரே அளவாகத்தான் தெரியும். தாளின் கீழ் மூலையில் ஹெச், எம் என்ற இரண்டு எழுத்துகள் சேர்ந்த சிறு முத்திரை இருந்தால், அது அவருடைய கையொப்பம்.

படி 1: 1927-இல் ஆரம்பியுங்கள்

மருத்துவப் படிப்பை விட்டுவிட்டு, கொஞ்ச காலம் கப்பலில் மாலுமியாக அலைந்துவிட்டு, 1924-இல் பாரிஸுக்கு வந்து சேர்ந்தார் மிஷோ. அடுத்த வருடமே நவீன ஓவியர் பால் க்ளேயின் ஓவியங்களைப் பார்த்தார். அதுவரை ஓவியம் என்றாலே வெறுப்பு, கண்ணால் பார்ப்பதை மறுபடி எதற்கு வரைய வேண்டும் என்ற எண்ணம். க்ளே அதை மாற்றினார்.

1927-இல் வரைந்த 'அரிச்சுவடி' என்ற தாளைத் தேடிப் பாருங்கள். பெயர்தான் அரிச்சுவடி, அதில் எந்த மொழியின் எழுத்தும் இல்லை. வரிசையாகக் குறிகள், ஒவ்வொன்றும் வேறு வேறு. அதே வருடத்தின் 'கதையாடல்' என்ற தாளில் குறிகள் வரிகளாக ஓடுகின்றன, யாரோ அவசரமாகக் கடிதம் எழுதியதுபோல.

இவற்றைப் படிக்கிற மாதிரியே பாருங்கள். மேல் வரிசையின் இடது மூலையில் தொடங்கி வலப்பக்கம் போங்கள், பிறகு அடுத்த வரி. பொருள் தேட வேண்டாம், கண் எங்கே தடுக்கி நிற்கிறது என்று மட்டும் கவனியுங்கள். சில குறிகளைக் கண் ஒரே மூச்சில் தாண்டிவிடும், சிலவற்றில் நின்றுவிடும். நிற்கிற இடத்தில் பேனாவும் நின்றிருக்கும்: மை கொஞ்சம் தேங்கி, கோட்டின் முனை தடித்திருக்கும்.

இந்தப் படிக்கு அதிக நேரம் வேண்டாம். இந்த 1927 தாள்கள் சுவாரசியமானவை, அவ்வளவுதான். கை இன்னும் கூச்சத்தோடு இருக்கிறது.

படி 2: கோட்டின் வேகத்தைப் படிக்கப் பழகுங்கள்

அடுத்த கட்டத்துக்குப் போகும் முன் இதைக் கற்றுக்கொண்டுவிடுவது நல்லது. மை பொய் சொல்லாத ஊடகம். எண்ணெய் வண்ணத்தில் தப்பானதைச் சுரண்டி எடுத்துவிட்டு மேலே பூசலாம். கரி மை தாளில் இறங்கிவிட்டால் அப்படியே இருக்கும், கை செய்ததெல்லாம் பதிவாகிவிடும்.

தூரிகைக் கோட்டில் பார்க்க வேண்டியது நான்கு இடங்களை. முதலாவது, தூரிகை இறங்கிய இடம். மை நிறைய இருந்ததால் அங்கே கோடு குண்டாக, ஓரம் வழவழப்பாக இருக்கும். இரண்டாவது, நடுப்பகுதி. கை மெதுவாகப் போயிருந்தால் கறுப்பு ஒரே சீராக இருக்கும். வேகமாகப் போயிருந்தால் தாளின் மேடுகளை மட்டும் மை தொட்டுப் போயிருக்கும், நடுவே வெள்ளைப் புள்ளிகளும் கீறல்களும் தெரியும். சீன எழுத்துக்கலையில் இதற்குப் பெயரே உண்டு, 'பறக்கும் வெண்மை' என்பார்கள். மூன்றாவது, திருப்பம். வேகத்தோடு திரும்பிய தூரிகை வெளிப்பக்கம் சிதறும், நிதானமாகத் திரும்பியது உருண்டையாக வளையும். நான்காவது, கோடு முடியும் இடம். தூக்கி எடுத்தாரா, அழுத்தி நிறுத்தினாரா, அல்லது மை தீரும்வரை இழுத்தாரா?

நிப் பேனாவில் வேறு கணக்கு. அழுத்தினால் நிப்பின் இரண்டு முனைகளும் விலகிக் கோடு தடிக்கும். மை வற்றும்போது ஒரு கோடு இரண்டு மெல்லிய கோடுகளாகப் பிளக்கும், நடுவில் வெள்ளை ஓடும்.

கோட்டை எந்தத் திசையில் போட்டார் என்பதை இந்த நான்கையும் வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். கண்டுபிடித்ததும் விரலைத் திரைக்கு மேல் வைத்து அதே திசையில், அதே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. மிஷோவைப் பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

படி 3: 'அசைவுகள்' – இங்கே தங்குங்கள்

1948 பிப்ரவரியில் மிஷோவின் மனைவி மரி லூயிஸ் தீக்காயங்களால் இறந்தார். உடையில் தீப்பிடித்த விபத்து. அதன் பிறகு மிஷோ நூற்றுக்கணக்கான தாள்களில் நீர் கலந்த மையிலும் வண்ணத்திலும் வரைந்து தள்ளினார். அவற்றில் முகங்கள் கரைந்து வழிகின்றன. 1950 வாக்கில் அந்தக் கலங்கல் வடிந்து, கூர்மையான கறுப்பு உருவங்கள் வரத் தொடங்கின. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்களை நிரப்பினார். அவற்றிலிருந்து 64 ஓவியங்களைப் பதிப்பாசிரியர் ரெனே பெர்தெலே பொறுக்கி எடுக்க, 1951-இல் 'அசைவுகள்' என்ற புத்தகம் வந்தது. கூடவே ஒரு நீண்ட கவிதை, ஒரு பின்னுரை.

என்னைக் கேட்டால் மிஷோவின் சிகரம் இதுதான். ஒவ்வொரு பக்கத்திலும் சில உருவங்கள் இருக்கும். கை, கால் என்று சொல்லத்தக்கவை நீட்டிக்கொண்டிருக்கும், ஆனால் முகம் கிடையாது. தாவுகின்றன, விழுகின்றன, எதையோ உதறுகின்றன. உடம்பை வரைந்து அதற்கு அசைவு கொடுக்கவில்லை அவர். அசைவு முதலில் வருகிறது, உடம்பு அதன் மேல் ஒட்டிக்கொள்கிறது.

பார்க்கும் முறை இது. ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு ஐந்து நிமிடம் உற்றுப் பார்ப்பது இங்கே உதவாது. முதலில் பக்கங்களை வேகமாகப் புரட்டுங்கள். அவர் தொடர்ச்சியாக, ஒன்றின் வேகம் அடுத்ததற்குத் தாவும்படி போட்டவை அவை, அந்த ஓட்டத்தில் பார்த்தால்தான் பிடிபடும். இரண்டாம் தடவை, ஒரு பக்கத்தில் நிறுத்தி, ஒரே ஓர் உருவத்தைத் தேர்ந்தெடுத்து, அது எத்தனை இழுப்பில் முடிந்திருக்கிறது என்று எண்ணுங்கள். நான்கைந்தைத் தாண்டுவது அபூர்வம். மூன்றாம் தடவை, உருவங்களை விட்டுவிட்டு அவற்றுக்கு இடையே உள்ள வெள்ளையைப் பாருங்கள். உருவங்கள் ஒன்றையொன்று தொடாமல் எப்படி விலகி நிற்கின்றன என்பது அப்போது தெரியும். நெருக்கமான பக்கத்திலும் ஒவ்வொன்றுக்கும் மூச்சுவிட இடம் இருக்கும்.

இங்கே ஒரு நல்ல குறுக்குவழியும் உண்டு. கனடாவின் நடன அமைப்பாளர் மரி ஷூய்னார் 2011-இல் இந்தப் புத்தகத்தை அப்படியே மேடையேற்றினார். பின்னால் திரையில் மிஷோவின் பக்கம், முன்னால் கறுப்பு உடையில் நடனக்காரர்கள், ஒவ்வொரு உருவத்தையும் உடம்பால் பிரதியெடுப்பார்கள். கவிதையும் பின்னுரையும்கூட நடனத்தில் உண்டு. அதன் ஒரு துண்டையாவது பார்த்துவிட்டு மறுபடி புத்தகத்துக்கு வாருங்கள். உருவங்களின் எடை எந்தக் காலில் நிற்கிறது என்று உடனே தெரிய ஆரம்பிக்கும்.

சீன எழுத்துகளின் சாயல் தெரிகிறதே என்று தோன்றினால், தோன்றுவது சரிதான். 1930–31-இல் மிஷோ ஆசியா முழுக்கச் சுற்றினார். அந்தப் பயணத்தைப் பற்றி 1933-இல் எழுதிய 'ஆசியாவில் ஒரு காட்டுமிராண்டி' புத்தகத்தில் தென்னிந்தியாவுக்கு ஒரு பகுதி, இலங்கைக்கு ஒரு பகுதி என்று தனித்தனியாக உண்டு. நம்மவர்கள் படித்தால் பல இடங்களில் எரிச்சல் வரும், அவசரத் தீர்ப்புகள் நிறைய. பிற்காலப் பதிப்புகளின் முன்னுரைகளில் அவரே சங்கடப்பட்டிருக்கிறார். ஓவியத்துக்கு உதவியது சீனம்தான். சீன ஓவியத்திலும் எழுத்துக்கலையிலும் ஒரு பொருளை நிரப்பி வரையாமல் நாலு இழுப்பில் சுட்டிவிடும் வித்தை அவரைப் பிடித்துக்கொண்டது. ஆனால் அவருடைய குறிகளைச் சீனம் தெரிந்தவராலும் படிக்க முடியாது.

படி 4: பெரிய மைத் தாள்களுக்குத் தள்ளி நில்லுங்கள்

1950-களின் கடைசியிலும் 1960-களிலும் தாள் பெரிதாகிறது, சுமார் 75 சென்டிமீட்டர் உயரம், ஒரு மீட்டருக்கு மேல் அகலம். மையைக் கொட்டுகிறார், தெளிக்கிறார், இழுக்கிறார். போர்க்களம், கூட்டம், எறும்புப் படை என்று ஆளாளுக்கு ஒன்று தெரியும். எல்லாம் தாளின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஓடிக்கொண்டே இருக்கும்.

அந்தக் காலத்தில் பாரிஸில் கறையையே ஓவியமாக்கும் ஒரு போக்கு இருந்தது, விமர்சகர்கள் மிஷோவையும் அதில் சேர்த்தார்கள். அவருக்குப் பிடிக்கவில்லை. சோம்பேறித்தனமாகப் படுத்துக் கிடக்கும் கறையைக் கண்டாலே ஆகாது, அதை அடித்து விரட்டி ஓடவைப்பதுதான் தன் வேலை என்கிற தொனியில் எழுதினார். இந்தத் தாள்களைப் பார்க்க அதுவே சாவி. ஒவ்வொரு கறையையும் பார்த்து, இது விழுந்த இடத்திலேயே கிடக்கிறதா, இல்லை விழுந்த கையோடு எங்காவது இழுக்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். இழுத்த கறைக்கு வால் இருக்கும். எல்லா வால்களும் எந்தப் பக்கம் போகின்றன என்று பார்த்தால் தாளின் காற்று எந்தத் திசையில் வீசுகிறது என்று தெரிந்துவிடும்.

நேரில் பார்க்கும் வாய்ப்பு வந்தால் முதலில் தாளின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு தூரத்தில் நின்று திசையைப் பிடியுங்கள், அப்புறம் கிட்டே போய் விளிம்புகளைப் பாருங்கள். எல்லாப் பெரிய தாள்களும் ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். சிலவற்றில் கை பழகிப்போய்விட்டது தெரிகிறது. பத்துத் தாள்களைச் சேர்த்துப் பார்க்கும்போது எது உயிரோடு இருக்கிறது, எது வெறும் பழக்கம் என்று தானாகப் பிரியும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் சர்வதேசக் கலைக் கண்காட்சியான வெனிஸ் பியனாலேயில், 1960-இல், மிஷோவுக்கு ஐனாவுதி பரிசு கிடைத்தது இந்தக் கட்டத்தில்தான்.

படி 5: மெஸ்கலின் ஓவியங்கள் – கதையை ஒதுக்கிவிட்டுப் பாருங்கள்

மிஷோ என்றதும் பலரும் முதலில் சொல்வது இதைத்தான். மெஸ்கலின் என்பது சிலவகைக் கள்ளிச்செடிகளில் இருக்கும், மனத்தைக் குலைக்கும் பொருள். 1955 தொடங்கிச் சில வருடங்கள் அதைத் தன் மேலேயே சோதித்துப் பார்த்து எழுதினார், வரைந்தார். 'பரிதாபமான அற்புதம்' 1956-இல் வந்தது, 'கொந்தளிக்கும் முடிவின்மை' 1957-இல். பெயர்களிலேயே அவருடைய சலிப்பும் தெரிகிறது. இவர் போதைப் பிரியர் என்று நினைத்தால் தவறு. மது இல்லை, புகை இல்லை, காபி டீ கூட இல்லை, நான் தண்ணீர் குடிக்கிற ரகம் என்று அவரே எழுதியிருக்கிறார். ஒரு தடவை கணக்குப் பிசகி ஆறு மடங்கு அளவு எடுத்துவிட்டு, பைத்தியத்தின் விளிம்புவரை போய் வந்ததையும் எழுதியிருக்கிறார். படித்தால் ஆசை வராது, பயம்தான் வரும். நம் நாட்டில் அது சட்டப்படி தடை செய்யப்பட்ட பொருள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இனி தாளுக்கு வருவோம். இவை பெரும்பாலும் பேனாவில் போட்ட சிறிய தாள்கள், மயிரிழைக் கோடுகள். ஒரு பாறை இடுக்கைப் போல, தாளின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு பள்ளம் பல தாள்களில் வரும். முதலில் அதைக் கண்டுபிடியுங்கள். அதன் இரு பக்கமும் நுணுக்கமான அதிர்வுகள் அடுக்கடுக்காக விரியும். எல்லாம் போதையின் உச்சத்தில் போட்டவை அல்ல. பல, அது இறங்கிய பின்பு, கையில் மிச்சமிருந்த நடுக்கத்தைப் பிடித்துக்கொண்டு போட்டவை.

'அசைவுகள்' தாள்களில் வேகம் தோளிலிருந்தும் முழங்கையிலிருந்தும் வந்தது. இங்கே விரல் நுனியிலிருந்து வருகிறது. கோடு முன்னே போவதில்லை, ஒரே இடத்தில் ஆயிரம் தடவை துடிக்கிறது. ஆகவே கண்ணும் மெதுவாகப் போக வேண்டும். ஒரு சதுர அங்குலத்தைத் தேர்ந்தெடுத்து, அதில் அதிர்வு சீராக இருக்கிறதா, எங்கே தடம் மாறுகிறது என்று பாருங்கள். சீரான அதிர்வு திடீரென்று வேறு அளவுக்குத் தாவும் இடங்கள் உண்டு, அங்கேதான் தாள் விறுவிறுப்பாகிறது. அப்படி ஒன்றும் இல்லாத தாள் ஓர் ஆவணம், அவ்வளவே. இந்த வரிசை கொஞ்சம் அதிகமாகவே கொண்டாடப்படுகிறது என்பது என் எண்ணம். பின்னால் இருக்கும் கதை அப்படி.

படி 6: கையை வைத்துப் பாருங்கள்

மிஷோவைப் போல வரைந்து காட்ட அல்ல, அவர் போட்ட கோடு எவ்வளவு கடினம் என்று கைக்குத் தெரிய.

ஸ்டேஷனரி கடையில் கறுப்பு ட்ராயிங் இங்க் ஒரு பாட்டில், மரக்கைப்பிடி போட்ட நிப் ஒன்று, நடுத்தர அளவில் உருண்டைத் தூரிகை ஒன்று, கார்ட்ரிட்ஜ் தாள் ஒரு கட்டு வாங்கினால் போதும். அந்த இங்க்கை ஃபவுண்டன் பேனாவில் ஊற்றிவிடாதீர்கள். அதில் இருக்கும் பசைப்பொருள் உள்ளே காய்ந்து பேனாவை அடைத்துவிடும். தூரிகையையும் வேலை முடிந்த கையோடு கழுவ வேண்டும். முடியின் அடிப்பகுதியில் மை காய்ந்துவிட்டால் அது மறுபடி கூராகாது.

முதல் பயிற்சி நிப்பில். ஒரு பக்கம் முழுக்க, வரிசையாக, எந்த எழுத்தும் ஆகாத குறிகளால் நிரப்புங்கள். இரண்டாவது வரியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். தமிழ் எழுதிப் பழகிய கை சுழிக்கப் பார்க்கும், எங்கே விட்டாலும் ஒரு 'ஞ'வோ 'ழ'வோ வந்து நிற்கும். ஆங்கிலம் அதிகம் எழுதுகிறவர்களுக்கு வலப்பக்கச் சாய்வு வரும். கை எதில் ஊறியிருக்கிறது என்பது இவ்வளவு தெளிவாக வேறு எதிலும் தெரியாது. சொற்கள் மட்டுமே நிறைந்த ஒரு சூழலில் வளர்ந்த தன்னைக் கலைத்துப்போடத்தான் வரைகிறேன் என்று மிஷோ 1972-இல் எழுதினார். அந்தப் பக்கத்தை நிரப்பி முடிக்கும்போது அவர் சொன்னது புரியும்.

இரண்டாவது, தூரிகையில். ஓர் உருவத்துக்கு மூன்று இழுப்புதான். இழுப்புகளுக்கு நடுவே யோசிக்கக் கூடாது. நான்கு தாள் வீணாகும்வரை எல்லாமே குச்சி மனிதர்களாக வரும், விடாமல் போடுங்கள். கை சலித்த பிறகுதான் சரியான கோடுகள் வரும்.

மூன்றாவது, அதையே இடது கையில் (இடக்கைக்காரர்கள் வலது கையில்). 1957-இல் மிஷோ வலது கையை முறித்துக்கொண்டார், கொஞ்ச காலம் இடது கைதான் கதி. தன் இடப்பக்கத்தில் வேறொரு ஆள் இருந்ததை அப்போது கண்டுகொண்டதாகப் பிற்பாடு எழுதினார். பழகாத கையில் அழகு காட்ட வராது, அது இங்கே நல்லது.

நான்காவது, கறை. மையில் கொஞ்சம் தண்ணீர் கலந்து தாளில் ஒரு சொட்டு விடுங்கள். காய்ந்த தாளில் ஓரம் வெட்டினாற்போல நிற்கும், காயும்போது விளிம்பு கூடுதலாகக் கறுக்கும். ஈரத் தாளில் இறகு இறகாகப் பரவும். ஒரு தாளில் சொட்டுகளைச் சும்மா விட்டுவிடுங்கள். இன்னொன்றில், ஒவ்வொரு சொட்டும் பரவி முடிப்பதற்குள் தூரிகையால் ஒரு பக்கமாக இழுத்துவிடுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துவிட்டுப் படி 4-இல் பார்த்த பெரிய தாள்களுக்கு மறுபடி போங்கள்.

படி 7: நேரில் பார்க்க

பொம்பிடூ மையம் பெரிய புதுப்பிப்புப் பணிக்காக 2025-இல் மூடப்பட்டது, 2030 வாக்கில்தான் திறக்கும். மற்ற அருங்காட்சியகங்களிலும் மிஷோ எப்போதும் சுவரில் இருப்பார் என்று நம்பிப் போகக் கூடாது. தாளோவியங்களை வெளிச்சம் கெடுக்கும், அதனால் மங்கிய விளக்கில் சில மாதங்கள் வைத்துவிட்டு மறுபடி இருட்டு அறைக்குக் கொண்டுபோய்விடுவார்கள். பெரிய அருங்காட்சியகங்கள் சிலவற்றில் தாளோவியப் பிரிவுக்கு முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்கினால், மேசையில் வைத்துக் காட்டுவார்கள். அடையாள அட்டையும் பென்சிலும் எடுத்துப் போங்கள், பேனாவை உள்ளே விடமாட்டார்கள். கண்காட்சிகள் வந்தால் விடாதீர்கள்: 2018-இல் ஸ்பெயினின் பில்பாவோ நகரிலுள்ள குகன்ஹைம் அருங்காட்சியகம் ஒன்று நடத்தியது, 2025-இல் லண்டனின் கோர்ட்டோல்ட் கலைக்கூடம் மெஸ்கலின் ஓவியங்களை மட்டும் வைத்து ஒன்று நடத்தியது. அவற்றின் பட்டியல் நூல்களில் அச்சு நன்றாக இருக்கும், சாம்பல் நிறம் தப்பியிருக்கும்.

அடுத்து யாரிடம் போவது

இந்தப் பழக்கம் கைவந்த பிறகு இரண்டு பேரைப் பாருங்கள். கிறிஸ்டியான் டோத்ரமோன், இவரும் பெல்ஜியக்காரர், இவரும் கவிஞர். 1962 முதல் தன் வரிகளைத் தூரிகையில் அதிவேகமாக எழுதி, படிக்க முடியாத கறுப்புச் சுழல்களாக்கினார். வாசகத்தைக் கீழே பென்சிலில் பொடியாக எழுதிவைப்பார். மிஷோவின் குறிகளுக்குப் பின்னால் சொல் கிடையாது, டோத்ரமோனுக்கு உண்டு, இரண்டு வேகங்களும் ஒன்றல்ல என்று உடனே தெரியும். மற்றவர் ஊனிக்கா த்ஸூர்ன், பெர்லினில் பிறந்தவர். பாரிஸில் மனநல மருத்துவமனையில் இருந்தபோது அவருக்குத் தாளும் மையும் கொண்டுவந்து கொடுத்தவர் மிஷோ. த்ஸூர்னின் கோட்டில் அவசரமே இல்லை. ஒரு கண் இன்னொரு கண்ணாக, அது ஒரு செதிலாக, செதில் ஓர் இறகாகப் பொறுமையாக வளர்ந்துகொண்டே போகும். படி 5-க்குச் சொன்ன அந்தச் சதுர அங்குல முறையை இங்கேயும் வைத்துப் பாருங்கள், ஆனால் தாளின் ஓரத்திலிருந்து ஆரம்பியுங்கள்.